பரணில் கிடக்கும் குரல்கள்

(ஸ்ரீராம்புரத்தில் நடைபெற்ற நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில், இரயில்வே எழுத்தரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இந்தக் கூட்டத்தில் பழைய கிராமபோன் இசைத்தட்டுகளைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னபோது நம் தலைவர் சிரித்துவிட்டார். "வீட்டுப் பட்டாவுக்கு ஆபீஸ் ஆபீஸாக அலைகிறோம். பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்த இடம் தேடுகிறோம். நீர் பாட்டுப் பெட்டியைப் பற்றிப் பேசப் போகிறீரா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு நான் சொல்லும் பதிலே இந்தப் பேச்சு. கேட்டுவிட்டு, இது சங்கத்தின் வேலையா இல்லையா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

நான் பட்டப்படிப்புப் படித்தவன் அல்ல. எஸ்.எஸ்.எல்.சி. தேறி இரயில்வேயில் எழுத்தரானவன். சங்கீதம் கற்றவனும் அல்ல. ஆனால் நான் செய்த ஒரு பிழை பல ஆண்டுகளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த பிழை

என் தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி இரயிலேறி வந்தவர். இங்கே பஞ்சாலையில் நூற்பு இலாகாவில் வேலை பார்த்தார். ஷிப்டு முடிந்து வந்தால் காதில் பஞ்சு, தலையில் பஞ்சு. அந்த மனிதர் பழைய கிராமபோன் பெட்டி ஒன்றைத் தவணைக்கு வாங்கினார். சாவி கொடுத்துச் சுழலவிடும் பெட்டி. அந்தக் காலத்தில் எங்கள் லைனில் மின்சாரம் கிடையாது; பெட்டிக்கும் மின்சாரம் தேவையில்லை. சாயங்காலம் தாத்தா சாவி கொடுத்தால், வாசலில் பத்துக் குடும்பம் வந்து உட்காருமாம். தட்டுகள் மொத்தம் பதினான்கு.

தாத்தா காலமான பிறகு அப்பா பொங்கலுக்குப் பொங்கல் அந்தப் பெட்டியை இறக்கித் துடைத்துப் பாட வைப்பார். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தது. எனக்கு அப்போது பதினொரு வயது. அந்த நாட்கள் எப்படி இருந்தன என்று இந்தக் கூட்டத்தில் இருக்கும் பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக் கன்னட அம்மா எங்களை இரண்டு இரவு தம் வீட்டுக்குள் வைத்துப் பாதுகாத்தார். அந்த நன்றியை எங்கள் குடும்பம் இன்றும் மறக்கவில்லை. ஆனால் அப்பாவுக்குள் ஒரு பயம் புகுந்துகொண்டது. வாசல் வரை கேட்கும்படி தமிழ்ப் பாட்டு வைக்க அவர் மனம் அதற்குப் பிறகு துணியவில்லை. பெட்டி பரணுக்குப் போயிற்று. போனது போனதுதான்.

2009-இல் ஓட்டு வீட்டை இடித்துக் கட்டினோம். பரணைக் காலி செய்யும் பொறுப்பு எனக்கு. குஜரிக் கடைக்காரர் வந்தார். ஊரில் காயலான் கடை என்போமே, அதுதான். பெட்டிக்கு நூற்றைம்பது ரூபாய் கொடுத்தார். தட்டுகளுக்கு எவ்வளவு என்று கேட்டேன். "இது இரும்பும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. எடை போட முடியாது. சும்மா எடுத்துக்கொண்டு போகிறேன்" என்றார். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

சாயங்காலம் அப்பா வந்தார். பரணைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் என்னிடம், "அந்தத் தட்டெல்லாம் எந்தக் கடையில் போட்டாய்?" என்று மட்டும் கேட்டார். இருவரும் போனோம். சில்லுச் சில்லாக உடைந்து ஒரு மூலையில் குவிந்திருந்தன. அப்பா கீழே உட்கார்ந்து, நடுவில் ஒட்டியிருந்த காகித வில்லைகளை மட்டும் சில்லுகளில் தேடிப் பார்த்தார். பிறகு எழுந்து, "வா, போகலாம்" என்றார். அவ்வளவுதான்.

தோழர்களே! அந்தப் பதினான்கு தட்டுகளில் யார் யார் பாடியிருந்தார்கள் என்று இன்று எங்கள் வீட்டில் சொல்ல ஆளில்லை. அப்பாவும் போய்விட்டார். தகர டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் விழுந்து தப்பித்த ஒரே ஒரு தட்டுதான் மிச்சம். விளிம்பில் கீறல் விட்ட தட்டு. அதை இங்கே கொண்டு வந்திருக்கிறேன். ஒரு பக்கத்து வில்லையில் கிட்டப்பாவின் பெயர் இருக்கிறது. மறுபக்கத்தில் வில்லையே இல்லை. அங்கே ஒரு பெண் பாடுகிறார். அவர் யார் என்று தெரியவில்லை.

சீமைக்குப் போன கூலிகளின் இசை

எங்கள் ஆபீசில் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தைச் சேர்ந்த கார்டு ஒருவர் இருந்தார். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஜாஸ் இசையில் பைத்தியம் கொண்டவர். ஜாஸ் என்றால் அமெரிக்கக் கறுப்பின மக்கள் உருவாக்கிய இசை. என் கதையை அவரிடம் சொன்னபோது அவர், "உன் தாத்தா தட்டுக்கு மட்டுமா இந்தக் கதி? வெள்ளைக்காரன் நாட்டிலேயே இப்படித்தான் நடந்தது" என்று ஒரு கதை சொன்னார். பிறகு நானும் தேடிப் படித்தேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் ஆள் பற்றாக்குறை. தான் ஆண்ட நாடுகளிலிருந்து ஆட்களை வரவழைத்துக்கொண்டது. இரயிலில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், ஆலையில் வேலை செய்யக் கறுப்பு மக்களும் நம் நாட்டு மக்களும் கப்பலேறிப் போனார்கள். அவர்களோடு வாத்தியம் வாசிப்பவர்களும் போனார்கள். அப்படி 1951-இல் ஜமைக்காவிலிருந்து போனவர் ஜோ ஹாரியட். கிங்ஸ்டன் நகரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியில் வளர்ந்து, அங்கேயே இசை கற்ற சாக்ஸபோன்காரர். 1958-இல் நுரையீரல் நோயால் மருத்துவமனையில் நெடுநாள் படுத்திருந்தபோது, எழுதி வைத்த கட்டுத்திட்டம் இல்லாமல் ஒருவர் வாசிப்பதைக் கேட்டு மற்றவர் விடை சொல்லும் ஒரு புது முறையை யோசித்தார். 1960-இல் அதை இசைத்தட்டாகப் பதிவு செய்தார்.

அதே ஊரில் கல்கத்தாவில் பிறந்த ஜான் மேயர் என்ற வயலின்காரர் இருந்தார். 1952-இல் இசை கற்க இலண்டனுக்குப் போனவர். 1960-களின் நடுவில் ஹாரியட்டும் மேயரும் சேர்ந்தார்கள். ஜாஸ் வாசிப்பவர்கள் ஐந்து பேர், சிதாரும் தபலாவும் தம்புராவுமாக நம் நாட்டு இசை வாசிப்பவர்கள் ஐந்து பேர். பத்துப் பேரும் ஒரே மேடையில் உட்கார்ந்து வாசித்தார்கள். பம்பாயில் பிறந்த கோவாக் குடும்பத்துக் கிதார்க்காரர் அமான்சியோ டிசில்வாவும் இலண்டனில் ஹாரியட்டோடு சேர்ந்து 1969-இல் ஒரு தட்டு வெளியிட்டார்.

முடிவு என்ன ஆயிற்று? ஹாரியட் 1973-இல் நாற்பத்து நான்கு வயதில் வறுமையிலேயே செத்துப் போனார். அவர் தட்டுகள் பல ஆண்டுகள் கடையில் கிடைக்கவில்லை. அமான்சியோ 1970-களில் பதிவு செய்த 'கொங்கண் டான்ஸ்' என்ற இசைத்தொகுப்பு வெளியே வந்தது 2006-இல். அவர் 1996-லேயே இறந்துவிட்டார். ஜாஸ் என்றால் அமெரிக்கா என்ற எண்ணம் ஒரு பக்கம். வாசித்தவர்கள் வந்தேறிகள் என்ற எண்ணம் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் அந்த இசை நசுங்கிப் போயிற்று. சேகரிப்பாளர்களும் சில இசை ரசிகர்களும் பழைய கடைகளில் தேடிப் பிடித்துப் பாதுகாத்த பிறகுதான் 2000-க்குப் பிறகு அவை மீண்டும் பேசப்பட்டன. இன்று முதல் அச்சுத் தட்டு ஒன்று நூற்றுக்கணக்கான பவுனுக்கு ஏலம் போகிறது. வாசித்தவனுக்குச் சோறு போடாத தட்டு, விற்கிறவனுக்குப் பணமாகிறது.

அதில் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தத் தட்டுகளில் சிலவற்றின் மேல் இருக்கும் முத்திரை 'கொலம்பியா'. அதே முத்திரையோடுதான் 1932-இல் நம் வீணை தனம்மாளின் தட்டுகளும் வெளிவந்தன. 'நாய் மார்க்' கம்பெனியும் கொலம்பியாவும் 1931-இல் இணைந்து இ.எம்.ஐ. என்ற ஒரே முதலாளியின் கீழ் வந்துவிட்டன. ஜமைக்காக்காரர் குரலும் தமிழர் குரலும் ஒரே முதலாளியின் கல்லாவில்தான் போய் விழுந்தன. ஆகவே அவர்கள் கதை நமக்கு அந்நியக் கதை அல்ல.

நம் தட்டின் வரலாறு

இனி நம் கதைக்கு வருவோம்.

கிராமபோன் கம்பெனி தன் ஆளான பிரெட் கைஸ்பர்க்கை 1902-இல் கல்கத்தாவுக்கு அனுப்பியது. அங்கே கௌஹர் ஜான் என்ற பாடகி பாடினார். பாட்டு முடிந்ததும் தன் பெயரைத் தானே உரத்துச் சொன்னார். ஏன் தெரியுமா? பதிவான மெழுகுத் தட்டு ஜெர்மனியில் ஹனோவர் நகரத்துக்குப் போய்த்தான் அச்சாக வேண்டும். அங்கே இருக்கும் தொழிலாளிக்கு எது யார் பாட்டு என்று தெரிய வேண்டுமே! 1908-இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்தது. பின்னர் டம்டம்மில் பெரிய ஆலை எழுந்தது. அந்தக் கௌஹர் ஜான் கடைசியில் மைசூர் அரண்மனையில் வேலைக்குச் சேர்ந்து, 1930-இல் மைசூரிலேயே காலமானார். அவரும் பிழைப்புக்காக ஊர் ஊராய்ப் போனவர்தான்.

தட்டு எதனால் செய்யப்பட்டது? அரக்கால். சோட்டா நாகபுரிக் காடுகளில் புரச மரத்திலும் இலந்தை மரத்திலும் ஒட்டி வாழும் சிறு பூச்சி கக்குவதுதான் அரக்கு. அதைச் சுரண்டி எடுத்தவர்கள் ஆதிவாசி மக்கள். அரக்கோடு கல்மாவு, பஞ்சு நார், கரி ஆகியவற்றைச் சேர்த்து அழுத்தினால் தட்டு. நிமிடத்துக்கு 78 சுற்று. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டு. காட்டில் ஆதிவாசி, ஆலையில் தொழிலாளி, மேடையில் கலைஞன் என்று எல்லார் உழைப்பும் அந்தக் கறுப்புத் தட்டில் அடங்கியிருந்தது.

தமிழில் பாடியவர்கள் யார்? தொடக்கத்தில் தேவதாசி மரபில் வந்த பெண்கள். கோயம்புத்தூர் தாயி 1917-இல் காலமானவர். அவர் தட்டைக் கேட்டு மனம் பறிகொடுத்த மோரிஸ் டெலாழ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர், அதை அடிப்படையாக வைத்துக் குரலுக்கும் பியானோவுக்குமாக ஓர் இசையே எழுதினார். பாரிஸ் பட்டணத்துக்குப் போன குரல் இது. கோயம்புத்தூரில் எத்தனை பேருக்கு இன்று அவர் பெயர் தெரியும்?

நம் பெங்களூர்ப் பெயரையே முன்னால் சூடியவர் நாகரத்தினம்மாள். அவரும் தட்டுகளில் பாடியவர். தெலுங்குப் பெண் கவிஞர் முத்துப்பழனியின் மறக்கடிக்கப்பட்ட காவியத்தை 1910-இல் தேடிப் பதிப்பித்தார். வெள்ளையர் ஆட்சி அதை 1911-இல் தடை செய்தது. தடை நீங்கியது 1947-இல். பழைய குரலைத் தேடி எடுக்கும் வேலையை நமக்கு முன்னால் ஒரு பெண் இந்த மண்ணிலிருந்து புறப்பட்டுச் செய்து காட்டியிருக்கிறார் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அடுத்து வந்தவர்கள் நாடகக்காரர்கள். நம் தாத்தாக்களின் பெட்டியில் பெரும்பாலும் சுழன்றவை இவர்கள் பாட்டுத்தான். செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1906-இல் பிறந்து 1933 டிசம்பரில் இருபத்தேழு வயதில் மாண்டார். தமிழ்ப் பேசும்படம் 1931-லேயே வந்துவிட்டது. ஆனால் கிட்டப்பா எந்தப் படத்திலும் இல்லை. தமிழகமும் இலங்கையும் கேட்டு மயங்கிய அந்தக் குரலை இன்று நமக்குத் தருபவை அந்த அரக்குத் தட்டுகள்தாம். தட்டு உடைந்தால் கிட்டப்பா இல்லை!

அவருடைய துணைவியார் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள். நான் இரயில்வேக்காரன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஈரோடு–கரூர் பாதையில் இருக்கிறது கொடுமுடி. வறுமையால் இரயில் வண்டியில் பாடிக் காசு வாங்கிய சிறுமி அவர். அந்தக் குரலைக் கேட்டவர்கள் வேலு நாயர் நாடகக் கம்பெனிக்கு அழைத்துப் போனார்கள். அவர் பின்னாளில் நாட்டு விடுதலைக்காக மேடை மேடையாகப் பாடினார். 1935-இல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடம் போட்டு, ஒரு லட்ச ரூபாய் ஊதியம் பெற்றார். 1951-இல் சென்னை சட்ட மேலவையில் உறுப்பினராக உட்கார்ந்தார். இன்றும் இரயிலில் சிறுமிகள் பாடிக்கொண்டு வருகிறார்கள். நாம் சில்லறை போடுகிறோம், முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அவர்களில் எத்தனை சுந்தராம்பாள்கள் இருக்கிறார்களோ!

இவர்களுக்கெல்லாம் பாட்டு எழுதிக் கொடுத்தவர் மதுரகவி பாஸ்கரதாஸ். முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதா'ஸின் பாடல்களும் அவருடையவை. புராண நாடகத்துக்குள் தேசியப் பாட்டை நுழைத்தவர். மேடையில் அப்படிப் பாடிப் பாடியே பலமுறை சிறை சென்றவர் தியாகி விசுவநாததாஸ். மருத்துவர் குலத்தில், அதாவது முடிதிருத்தும் தொழில் செய்த சமூகத்தில் பிறந்தவர். 'அந்தச் சாதிக்காரனோடு நடிக்க மாட்டோம்' என்று சொன்ன நடிகைகளும் உண்டு. ஆட்சி ஒரு பக்கம் அடித்தது. சாதி இன்னொரு பக்கம் அடித்தது. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் விட்டார்.

யார் காப்பாற்றினார்கள்? யார் மறந்தார்கள்?

இவ்வளவு பெரிய சொத்து எப்படிக் காணாமல் போயிற்று? சில காரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, தட்டு உடையும் பொருள். ஊசி மாற்றாமல் போட்டால் தேயும். 1960-களின் இறுதிவரை நம் நாட்டில் இந்த 78 தட்டு அச்சானது. பிறகு வினைல் தட்டு, அதன் பின் கேசட், இப்போது கைப்பேசி. ஒவ்வொரு புதுப் பொருள் வரும்போதும் பழையது குஜரிக்குப் போயிற்று.

இரண்டாவது, கம்பெனிக்கு விற்பனைதான் கணக்கு. விற்காத பாட்டை அது நினைவில் வைத்திருக்காது.

மூன்றாவதுதான் முக்கியம். எது கலை, எது கலை அல்ல என்று தீர்மானித்தவர்கள் யார்? சபாவில் ஒலித்த சங்கீதத்துக்குப் பாதுகாவலர்கள் இருந்தார்கள். கொட்டகையில் ஒலித்த நாடகப் பாட்டைத் 'தெருப் பாட்டு' என்று தள்ளினார்கள். ஆலைத் தொழிலாளியும் வண்டிக்காரரும் வாசலில் உட்கார்ந்து கேட்ட பாட்டு ஏட்டில் ஏறவில்லை.

இதில் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். வெள்ளையர் ஆட்சி தடை செய்து பறிமுதல் செய்த நம் பாட்டுப் புத்தகங்கள் பல, இலண்டனில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. எதிரி ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டான். நாம் எடைக்குப் போட்டோம்!

ஆனால் நம்மவர்களில் பொறுப்போடு காத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் யார் என்று பார்த்தால் நமக்கு நம்பிக்கை பிறக்கும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் விளம்பரப் பலகை எழுதும் தொழிலில் இருந்தவர். பேராசிரியர் அல்ல. பழைய நூல், பாட்டுப் புத்தகம், நோட்டீசு என்று கிடைத்ததையெல்லாம் தம் வீட்டில் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்தார். அந்தச் சேகரிப்புதான் இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். நாடகப் பாட்டும் சினிமாவும் விடுதலைப் போரில் செய்த வேலையை 1981-இல் ஆங்கிலத்தில் நூலாக எழுதிய தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறை அதிகாரியாக இருந்தவர். பாஸ்கரதாஸின் நாட்குறிப்புகளைத் தொகுத்து நூலாக்கியவர் அவருடைய பேரர் முருகபூபதி. சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் பல்லாயிரம் தட்டுகளைத் தாமே தேடிச் சேர்த்தார். மும்பையில் 1990-இல் தட்டுச் சேகரிப்பாளர்கள் ஒரு சங்கமே தொடங்கினார்கள். நம் பெங்களூரிலும் பழைய தட்டுகளின் ஒலியை மின்வடிவில் மாற்றி எல்லாரும் இலவசமாகக் கேட்க வைக்கும் இந்திய இசைக் காப்பகம் தொடங்கப்பட்டது. ஒருவர் பலகை எழுதியவர், ஒருவர் தபால் இலாகா, ஒருவர் பேரன். யாரும் அரசாங்க உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை.

தமிழ்நாட்டில் ஒரு தட்டு கிடந்தால் என்றாவது ஒருவர் கண்ணில் படும். பெங்களூரில் ஒரு தமிழ்க் கூலிக் குடும்பத்தின் பரணில் கிடக்கும் தட்டை யார் தேடி வருவார்கள்? சென்னை நூலகத்துக்கு நம் தெரு தெரியாது. இங்குள்ள நூலகத்துக்கு நம் மொழி தெரியாது. ஆகவே இது நம் வேலை. நம் தலைவர் கேட்ட கேள்விக்கு இதுவே என் பதில். பட்டா கேட்கும்போது அதிகாரி நம்மிடம், "நீங்கள் எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள்?" என்றுதானே கேட்கிறார்? நாம் இங்கே எப்படி வாழ்ந்தோம், உழைத்த களைப்பில் எதைக் கேட்டுச் சிரித்தோம், எதைக் கேட்டு அழுதோம் என்பதற்கும் சாட்சி வேண்டாமா?

இதில் மொழிப் பகைக்கு இடமே இல்லை. குப்பி வீரண்ணா கம்பெனியின் நாடகம் தமிழ்நாட்டிலும் கொட்டகை போட்டு நடந்தது. கன்னட நாடகக் கலைஞர்களின் தட்டுகளுக்கும் இதே கதிதான். பக்கத்து வீட்டுப் பரணில் கன்னடத் தட்டு இருந்தால் அதையும் காப்பாற்றச் சொல்லுங்கள். எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றிய அந்த அம்மாவுக்கு நான் செய்யக்கூடிய கைம்மாறு அதுதான்.

ஒரு பாட்டி சொன்னது

என்னிடம் மிஞ்சிய தட்டைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? சிக்பேட்டைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய தட்டுச் சேகரிக்கும் ஒருவரைப் பிடித்தேன். அவரிடம் 78 தட்டுக்கு ஏற்ற ஊசியுள்ள கருவி இருந்தது. கீறல் இருக்கும் இடத்தில் டக், டக் என்று இடித்தாலும், இரண்டு பக்கமும் பாடியது. கைப்பேசியில் பதிந்துகொண்டேன்.

பெயர் தெரியாத பெண் பாடும் பக்கத்தைப் பலரிடம் போட்டுக் காட்டினேன். சங்கீதம் தெரிந்தவர்கள் இராகத்தைச் சொன்னார்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் ஊதுபத்தி உருட்டியே பிள்ளைகளை ஆளாக்கிய ஒரு பாட்டி இருக்கிறார். எண்பது வயதுக்கு மேல். அவர் காதருகே வைத்தேன். இரண்டாவது வரியில், "இது வள்ளி திருமணம் டா. தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடுற இடம். எங்கப்பா தோள்மேல உட்கார்ந்து நாடகம் பார்த்திருக்கேன்" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. தட்டு முடிந்த பிறகும் அவர் பாடிக்கொண்டே போனார்! மூன்று நிமிடத்தில் அடங்காத மிச்சப் பாட்டு அவரிடம் இருந்தது. தோழர்களே, நான் அங்கேயே கண் கலங்கிவிட்டேன். நான் குஜரிக்குப் போட்டது எதை என்று அன்றுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய அந்த நாடகத்தின் பெயர் கிடைத்துவிட்டது. பாடிய பெண்ணின் பெயர் இன்னும் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.

(இங்கே தட்டின் இரு பக்கப் பாடல்களும் கைப்பேசி வழியாக ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்யப்பட்டன.)

நாம் செய்ய வேண்டியவை

பெரிய செலவு எதுவும் இல்லை. சில விஷயங்களை மட்டும் மனத்தில் வையுங்கள்.

தட்டு கிடைத்தால் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது. அரக்கு ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். மெல்லிய துணியால் சுற்றுவாக்கில் தூசியைத் துடைத்தால் போதும். நடு வில்லையில் ஈரம் படக் கூடாது. அதில்தான் பெயரும் எண்ணும் இருக்கின்றன.

தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். வெயில் படும் இடத்தில் வைத்தால் வளைந்துவிடும்.

பழைய துருப்பிடித்த ஊசியில் போட்டுப் பார்க்காதீர்கள். வினைல் தட்டுக்கான ஊசியும் உதவாது. 78 தட்டின் பள்ளம் அதைவிட அகலமானது.

வில்லையின் இரு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். தட்டின் எண்ணை எழுதுங்கள். அதோடு, வீட்டில் யார் வாங்கினார், எந்த மில்லில் வேலை பார்த்தார், எந்த நாளில் போடுவார் என்பதையும் எழுதுங்கள். இது எந்தக் கம்பெனிப் புத்தகத்திலும் கிடைக்காத விவரம்.

நாடகப் பாட்டுப் புத்தகம், நோட்டீசு, டிக்கெட்டு எதுவானாலும் எடைக்குப் போடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று உண்டு. தட்டு இன்னும் பத்து வருடம் பரணில் கிடக்கும். நம் பாட்டிகளும் தாத்தாக்களும் அத்தனை வருடம் காத்திருப்பார்களா? பிள்ளைகள் கையில் கைப்பேசி இருக்கிறது. அவர்கள் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு பழைய பாட்டுப் பாடு" என்று கேட்டுப் பதிந்துகொள்ளட்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, பரணில் கிடைத்ததை எடுத்து வாருங்கள். உடைந்த தட்டானாலும் சரி, வில்லை கிழிந்ததானாலும் சரி. நம் சங்க நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி நான் எழுதி வைக்கிறேன். எழுத்தர் வேலைதானே, எனக்குப் பழகிய வேலை. சந்தைக்காரரிடம் பேசி ஒலியைப் பதிவு செய்து தரும் பொறுப்பும் என்னுடையது. தட்டு உங்களுடையதாகவே இருக்கும்; சங்கம் கேட்பது அதன் குரலை மட்டுமே.

முதல் பதிவாக என் தாத்தாவின் தட்டை இப்போதே எழுதுகிறேன். ஒரு பக்கம்: எஸ்.ஜி. கிட்டப்பா. மறுபக்கம்: வள்ளி திருமணம், ஆலோலப் பாட்டு. பாடியவர் பெயர் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். உங்களில் யாருடைய வீட்டிலாவது இதே தட்டு வில்லையோடு இருக்கலாம். இன்று இரவே ஏணி வைத்துப் பரணைப் பாருங்கள்.